குறைமாதப் பிள்ளையின் கை கால் வளர்ச்சி: காத்திருப்பதா, அரசு மையமா, தனியார் தெரபியா, வீட்டிலேயேவா?

எங்கள் மகள் 30 வாரத்தில் பிறந்தாள். எடை 1,240 கிராம். 41 நாள் என்.ஐ.சி.யூ.வில் (பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு) இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் தாளில் சொட்டு மருந்து, பால் அளவு, கண் பரிசோதனைத் தேதி எல்லாம் விவரமாக இருந்தன. கடைசியில் மட்டும் ‘வளர்ச்சிக் கண்காணிப்பு தேவை’ என்று ஒரு வரி. எங்கே, எப்போது, யாரிடம் என்று எதுவும் இல்லை. மூச்சும் எடையுமே கவலையாக இருந்த நாட்கள் அவை. நாங்களும் அந்த வரியைக் கவனிக்காமல் விட்டுவிட்டோம்.

ஆறரை மாதம் ஆகியும் அவள் குப்புற விழவில்லை. டயப்பர் மாற்றும்போது தொடைகளைப் பிரிக்கக் கொஞ்சம் பலம் தேவைப்பட்டது. கட்டைவிரலை உள்ளே வைத்து எப்போதும் கையை மூடிக்கொண்டிருப்பாள். வீட்டில் நாலு பேர் நாலு விதமாகச் சொன்னார்கள். “ஏழு மாசத்துலயே வந்த பிள்ளை, எல்லாம் மெதுவாத்தான் வரும், சும்மா விடு” என்றார் அத்தை. “பெரியாஸ்பத்திரியில இதுக்குன்னே தனியா ஒரு சென்டர் இருக்கு, காசே கிடையாது” என்றாள் நாத்தனார். “காசு போனாப் போகுது, தனியார்ல காட்டுவோம்” என்றார் வீட்டுக்காரர். பிசியோதெரபி படித்த என் தோழி, “எங்க வேணா போ. ஆனா அவங்க செய்யறதை நீ கத்துக்கிட்டு வா” என்றாள். அடுத்த ஒன்பது மாதத்தில் இந்த நாலையும் கொஞ்சம் கொஞ்சம் செய்து பார்த்துவிட்டோம். அந்த அனுபவத்தில் எழுதும் ஒப்பீடு இது.

ஒப்பிடுவதற்கு முன்னால் வயதைச் சரியாகக் கணக்கிட வேண்டும். 40 வாரத்தில் பிறக்க வேண்டியவள் 30-ல் வந்தாள் என்றால் 10 வாரத்தைக் கழிக்க வேண்டும். நாள்காட்டிப்படி ஆறரை மாதம் என்றால் அவளுடைய திருத்திய வயது நாலு மாதம்தான். கை கால் வளர்ச்சியைப் பார்க்க இரண்டு வயது வரை இந்தக் கணக்குதான். (தடுப்பூசிக்குப் பொதுவாகப் பிறந்த தேதியையே பார்ப்பார்கள், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) நாலு மாதக் குழந்தை குப்புற விழாதது ஒரு பெரிய விஷயமே இல்லை. அந்த அளவில் அத்தை சொன்னது சரி. ஆனால் மூடிய கையும் ஒட்டிய தொடையும் எந்தக் கணக்கில் கழித்தாலும் கழியாது. இந்த வித்தியாசம் எனக்கு அப்போது தெரியவில்லை.

நம் பிள்ளைத்தமிழ் இலக்கியத்தில் ஐந்தாம் மாதம் செங்கீரை, ஒன்பதாம் மாதம் சப்பாணி, பதின்மூன்றாம் மாதம் வருகை என்று வரிசை உண்டு. ஒரு காலை மடக்கி, கைகளை ஊன்றி, தலையை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை. இரண்டு கையையும் சேர்த்துக் கொட்டுவது சப்பாணி. தளர்நடையாக வருவது வருகை. இவ்வளவு அழகான பட்டியலில் ஒரே ஒரு குறை, மாதத்துக்கு ஒரு எண்தான் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாட்டு ஆரோக்கியமான குழந்தைகளைப் பார்த்து 2006-ல் வெளியிட்ட அட்டவணையில் எண்ணுக்குப் பதில் எல்லை இருக்கிறது. பிடிமானம் இல்லாமல் உட்காருவது 3.8 முதல் 9.2 மாதம் வரை, தானாக நடப்பது 8.2 முதல் 17.6 மாதம் வரை. அந்தக் குழந்தைகளில் நூற்றுக்கு நாலு பேர் முட்டி போட்டுத் தவழவே இல்லை, நேராக எழுந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை பத்து மாதத்தில் நடந்தது என்று கேட்கும்போதெல்லாம் இந்த எண்களை நினைத்துக்கொள்வேன்.

காத்திருந்து பார்ப்பது

இதை முட்டாள்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. குறைமாதக் குழந்தைகள் சிலருக்கு முதல் வருடத்தில் உடம்பு விறைப்பாக இருந்து, ஒன்று, ஒன்றரை வயதுக்குள் தானாகவே இளகிவிடும் என்பது மருத்துவர்களுக்கு வெகு காலமாகத் தெரிந்த விஷயம். தாயின் வயிற்றில் கடைசி வாரங்களில் இடம் நெருக்கடியாகி குழந்தை சுருண்டு கிடக்கும். அந்தச் சுருட்டல்தான் பிறந்த பிறகு கையை வாய்க்குக் கொண்டுபோகவும் காலை மேலே தூக்கவும் அடித்தளம். எங்கள் மகள் அந்த வாரங்களை இன்குபேட்டர் பெட்டிக்குள் மல்லாந்து, கைகள் விரிந்து கிடந்து கழித்தாள். தோள் பின்னால் போய், முதுகு வளைந்து, கை நடுவுக்கு வராமல் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். 32 வாரத்துக்கு முன்னால் பிறந்தவர்களில்கூடப் பெரும்பாலானோருக்கு மூளை முடக்குவாதம் (செரிப்ரல் பால்சி, மூளைப் பாதிப்பால் உடல் அசைவில் வரும் குறை) வருவதில்லை.

அப்படியென்றால் காத்திருப்பதில் என்ன தப்பு? தானாக இளகப் போகிற விறைப்பையும் இளகாத விறைப்பையும் வீட்டில் இருப்பவர்களால் பிரித்துப் பார்க்க முடியாது. மூளைக்குள் நீர் இருக்கும் அறைகளை ஒட்டிய வெள்ளைப் பகுதிதான் கர்ப்பத்தின் 24 முதல் 32 வாரம் வரை எளிதில் பாதிக்கப்படும் இடம். காலுக்குப் போகும் நரம்பு வழிகள் அந்த அறைகளுக்கு மிக அருகில் ஓடுகின்றன, கைக்கானவை சற்றுத் தள்ளி. குறைமாதக் குழந்தைகளுக்குக் கையைவிடக் காலில் விறைப்பு அதிகம் தெரிவது இதனால்தான். ஆக, ஒட்டிய தொடை என்பது சும்மா விடக்கூடிய அடையாளம் இல்லை.

அதோடு, சில சோதனைகளுக்குக் காலக்கெடு உண்டு. திருத்திய வயதில் மூன்று முதல் ஐந்து மாதத்துக்குள், விழித்து அமைதியாக மல்லாந்து கிடக்கும் குழந்தையின் கழுத்து, உடம்பு, கை கால் எல்லாவற்றிலும் சின்னச் சின்னதாக ஒரு துறுதுறுப்பு ஓடிக்கொண்டே இருக்கும். பயிற்சி பெற்றவர் சில நிமிட வீடியோவைப் பார்த்தே அது இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார். இருந்தால் பெரிய நிம்மதி. இல்லையென்றால் உடனே அடுத்த வேலையில் இறங்க வேண்டும். இன்னும் மூன்று நாலு வாரம் பொறுத்திருந்தோம் என்றால் அந்தச் சோதனைக்கான காலமே தாண்டியிருக்கும். என் தோழி செல்போனில் வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னது இதற்குத்தான் என்று பிறகுதான் புரிந்தது.

என் கருத்து இதுதான். ஒரு முறை முறையாகப் பரிசோதித்துவிட்டு, ‘இப்போதைக்கு ஒன்றும் வேண்டாம், மூன்று மாதம் கழித்து வாருங்கள்’ என்று அவர்கள் சொன்னால் தாராளமாகக் காத்திருக்கலாம். பரிசோதிக்காமலே காத்திருப்பது வேறு.

அரசு மையம்

2013-ல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் என்ற மத்திய அரசுத் திட்டத்தின் கீழ் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு சேவை மையங்கள் நடக்கின்றன. ‘டி.இ.ஐ.சி.’ என்று கேட்டால் ஆஸ்பத்திரி வாசலில் இருப்பவர்களே வழி காட்டுவார்கள். பிறந்ததிலிருந்து 18 வயது வரை இலவசம். குழந்தை மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், காது, கண் பார்ப்பவர், பேச்சுப் பயிற்சி தருபவர், உளவியலாளர் என்று ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பது திட்டம். எல்லா ஊரிலும் எல்லாப் பணியிடமும் நிரம்பியிருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

நாங்கள் போன முதல் நாள் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம், வரிசையில் இரண்டு மணி நேரம். உள்ளே போனதும் தெரபிஸ்ட் ஒரு தாளை எடுத்தார். திருவனந்தபுரத்துக் குழந்தை வளர்ச்சி மையத்தில் உருவான வளர்ச்சி அட்டவணை அது. முகம் பார்த்துச் சிரிப்பது, கழுத்து நிற்பது என்று 17 செயல்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டைக்கோடு. திருத்திய வயதான நாலு மாதத்தில் ஸ்கேலை நிமிர்த்தி வைத்து பென்சிலால் ஒரு கோடு கிழித்தார். கோட்டுக்கு இடப்பக்கம் முழுதாக முடிந்துபோன பட்டைகள் எல்லாம் குழந்தை செய்துவிட வேண்டியவை. “கழுத்து கொஞ்சம் பின்தங்கியிருக்கு. பயப்பட வேண்டாம்மா, ஆனா விட்டுடவும் கூடாது” என்றார். பிறகு தலை முதல் கால் வரை நரம்புப் பரிசோதனை. தூக்கி நிறுத்தினார், பக்கவாட்டில் சாய்த்தார், கணுக்காலை மடக்கினார். அரை மணி நேரம் ஆனது.

தனியார் கிளினிக்கில் யாரும் கேட்காத இரண்டு கேள்விகளை அவர்தான் கேட்டார். விழித்திரை பார்த்தாயிற்றா? காது கேட்கும் சோதனை செய்தாயிற்றா? 34 வாரத்துக்கு முன்னால் அல்லது இரண்டு கிலோவுக்குக் கீழே பிறந்த குழந்தைக்கு விழித்திரைப் பரிசோதனை பிறந்த ஒரு மாதத்துக்குள் தொடங்கியாக வேண்டும். நாங்கள் செய்திருந்தோம். கண் சரியில்லாமல் போனால் தலை தூக்குவதற்கே குழந்தைக்கு ஆசை வராது, எதைப் பார்க்கத் தூக்கும்? கையும் காலும் மட்டும் பார்க்கும் இடங்களில் இந்தத் தொடர்பு விட்டுப்போகிறது.

குறை என்றால் நேரம்தான். முதல் பரிசோதனைக்கு அரை மணி கிடைத்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் பதினைந்து நிமிடம் கிடைத்தால் அதிகம். தெரபிஸ்ட் விடுப்பில் போன வாரம் திரும்பி வந்தோம். வாரா வாரம் போவது எங்களால் முடியவில்லை, மாதம் ஒரு முறை ஆனது.

தனியார் தெரபி

எங்கள் ஊரில் ஒரு சிட்டிங் 500 ரூபாய், வீட்டுக்கு வந்தால் 700. வாரம் மூன்று என்று கணக்கிட்டால் மாதம் 6,000-க்கு மேல். நேரம் நாம் சொல்வது, வரிசை இல்லை, ஒரே ஆள் தொடர்ந்து பார்ப்பார். குழந்தைகளுக்கு மட்டுமே பார்க்கும் தெரபிஸ்ட் கிடைத்தால் இது நல்ல வழிதான். ஆனால் முட்டி வலிக்கும் தோள்பட்டைக்கும் வைத்தியம் செய்கிற அதே மேஜையில் குழந்தையையும் படுக்க வைக்கிற இடங்கள் நிறைய.

நாங்கள் முதலில் போனது அப்படி ஓர் இடம். முப்பது சிட்டிங் ‘பேக்கேஜ்’, முன்பணம். “நீங்க வெளிய உட்காருங்கம்மா, உங்களைப் பார்த்தா குழந்தை அழும்” என்றார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் அழுவது கேட்டுக்கொண்டே இருந்தது. ஆறாவது நாள் உள்ளே எட்டிப் பார்த்தேன். ஒருவர் காலைப் பிடித்து நீட்டி மடக்கிக்கொண்டிருந்தார், இன்னொருவர் தலைமாட்டில் கிலுகிலுப்பை ஆட்டிக்கொண்டிருந்தார். அவள் தானாக எதுவும் செய்யவில்லை, அவளுக்கு எல்லாம் செய்யப்பட்டது. மிச்சம் 24 சிட்டிங் பணம் திரும்பி வரவில்லை.

பிறகு படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டது: குழந்தை தானே முயன்று செய்யும் அசைவுதான் மூளைக்குப் பாடம். எட்டிப் பிடிக்க ஆசைப்பட்டு உருளுவது ஒரு பயிற்சி, பிறர் உருட்டிவிடுவது அதில் பாதிகூட இல்லை. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பின் திறனாய்வுகளும் அடக்கமாகத்தான் பேசுகின்றன. குறைமாதக் குழந்தைகளுக்கு ஆரம்பத்திலேயே தரும் பயிற்சியால் கை கால் வளர்ச்சியில் கிடைக்கும் பலன் சிறிது, அதுவும் குழந்தைப் பருவத்தில். அறிவு வளர்ச்சியில் கிடைக்கும் பலன் பள்ளிக்கு முந்தைய வயது வரை தெரிகிறது. ஆகவே ‘நூறு சிட்டிங்கில் நடக்க வைக்கிறோம்’ என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடலாம். ஸ்டெம்செல் ஊசி என்று சொன்னால் இன்னும் வேகமாக எழுந்து வாருங்கள். ரத்தம் சார்ந்த சில நோய்களைத் தவிர மற்றவற்றுக்கு அது அனுமதி பெற்ற ஆய்வுக்குள் மட்டுமே நடக்க வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதல் சொல்கிறது.

இரண்டாவதாகக் கிடைத்த தனியார் தெரபிஸ்ட் வேறு மாதிரி. முதல் நாளே தரையில் பாய் விரிக்கச் சொல்லி, என்னைத்தான் உட்கார வைத்தார். “நான் தொடப் போறதில்ல. நீங்க செய்யுங்க, நான் சொல்றேன்” என்றார். அவரிடம் ஆறு முறை போனோம். ஏழாவது தேவைப்படவில்லை.

வீட்டிலேயே

கணக்கு எளிது. வாரம் மூன்று சிட்டிங் என்றால் இரண்டேகால் மணி நேரம். அதே வாரத்தில் அவளுக்கு டயப்பர் மாற்றுவது ஐம்பது தடவை, தூக்குவது அதைவிடப் பல மடங்கு. அந்தக் கைகள் சரியாகப் பிடித்தால் அதுதான் தெரபி.

அந்த இரண்டாவது தெரபிஸ்ட் எங்கள் வீட்டுப் பழக்கங்களையே ஒவ்வொன்றாகக் கேட்டுத் திருத்தினார். டயப்பர் மாற்றும்போது இரண்டு கணுக்காலையும் சேர்த்துப் பிடித்துத் தூக்குவேன், அது விறைப்பை இன்னும் கூட்டும். இடுப்பைப் பிடித்து ஒரு பக்கமாகப் புரட்டி மாற்றச் சொன்னார், அதுவே உருளுவதற்கு ஒத்திகை. கழுத்து நின்ற பிறகு இடுப்பில் தூக்கி வைக்கச் சொன்னார். நம் ஊர்ப் பெண்கள் காலங்காலமாகச் செய்வதுதான். ஆனால் குழந்தையின் இரண்டு காலும் நம் இடுப்பின் இரு பக்கமும் விரிந்து இருக்கும்போது ஒட்டிய தொடைத்தசை தானாக நீளுகிறது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. குறைமாதப் பிள்ளை என்று பயந்து ஆறு மாதமாக அவளைத் துணியில் சுற்றிக் கையில் ஏந்தியே வைத்திருந்தோம்.

அத்தைதான் எண்ணெய் தேய்ப்பார். காலை நீட்டி உட்கார்ந்து, கெண்டைக்கால் மேல் குழந்தையைக் குப்புறப் போட்டு முதுகில் தேய்ப்பார். அதைப் பார்த்ததும் தெரபிஸ்ட் சிரித்துவிட்டார். “பாட்டி, நாங்க படிச்சு வந்து சொல்றதை நீங்க சும்மாவே செய்றீங்க. இன்னும் ரெண்டு நிமிஷம் அப்படியே வையுங்க, முன்னாடி எதையாவது காட்டுங்க.” அத்தை பளபளவென்று தேய்த்த எவர்சில்வர் டம்ளர் ஒன்றைத் தரையில் வைத்தார். அதில் ஜன்னல் வெளிச்சம் ஆடியது. அவள் தலையைத் தூக்கினாள், மூன்று எண்ணுவதற்குள் தொப்பென்று போட்டாள், மறுபடி தூக்கினாள். அதே அத்தை காலைப் பிடித்து இழுத்து ‘சொடக்கு’ எடுப்பதை நிறுத்தச் சொன்னபோது மட்டும் முகம் வாடிவிட்டது. தூளியும் கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் விழித்திருக்கும் நேரம் எல்லாம் தூளியில் போனால் தரையில் புரள எப்போது கற்றுக்கொள்வாள் என்று கேட்டார். பதில் இல்லை.

வாக்கரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லார் வீட்டுக்கும் ஒரு மாமா அதை வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். உள்ளே உட்கார வைத்து ஓடவிடும் வகையை கனடா 2004-லேயே தடை செய்துவிட்டது, படியில் உருண்டு விழும் ஆபத்துக்காக. விறைப்புள்ள குழந்தை அதில் நுனிக்காலால் உந்திப் பழகிவிடுகிறது. நம்முடைய மர நடைவண்டி வேறு வகை. அதைப் பிடிக்கக் குழந்தை முதலில் எழுந்து நிற்க வேண்டும், தன் எடையைத் தானே தாங்க வேண்டும். நிற்கத் தெரிந்த பிறகு அதைத் தரலாம், அதற்கு முன்னால் கோரைப்பாய் போதும்.

வீட்டு வழிக்கும் ஒரு பெரிய ஓட்டை உண்டு. வழிகாட்டுபவர் இல்லாமல் யூடியூப் பார்த்துச் செய்வது வீட்டுப் பயிற்சி ஆகாது. நாம் தப்பாகச் செய்வது நமக்கே தெரியாது. அப்புறம், தாய் என்ற ஒருத்தி மேல் எல்லாப் பாரமும் வந்து விழும். பள்ளியில் என் விடுப்பு முடிந்த மாதம் பயிற்சி பாதியாகக் குறைந்தது, அதற்கு என்னையே நொந்துகொண்டேன். வீட்டுக்காரர் காலை ஆறரை மணித் தரை விளையாட்டைத் தன் வேலையாக எடுத்துக்கொண்ட பிறகுதான் சரியானது.

பெரிய ஊரிலிருந்து தள்ளி இருப்பவர்கள் தொண்டு நிறுவனங்களையும் விசாரிக்க வேண்டும். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் 1981 முதல் இயங்கும் அமர் சேவா சங்கம், பயிற்சி பெற்ற களப்பணியாளர்களை வீட்டுக்கே அனுப்பி, குடும்பத்துக்குக் கற்றுக்கொடுக்கும் முறையை நடத்துகிறது. சென்னையில் 1985-ல் தொடங்கிய வித்யாசாகர் இருக்கிறது. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்காக உள்ள மத்திய அரசின் தேசிய நிறுவனத்தில் 2021 முதல் ஆரம்பகால இடையீட்டு மையம் தனியாகச் செயல்படுகிறது.

எது யாருக்கு

குழந்தை 32 வாரத்துக்கு மேல் பிறந்து, தலை ஸ்கேன் தெளிவாக இருந்து, நரம்புப் பரிசோதனையும் சரி என்றால் காசு செலவழிக்க வேண்டாம். தரையில் விளையாட விடுங்கள், மூன்று மாதத்துக்கு ஒரு முறை அரசு மையத்தில் கோடு போட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள். 32 வாரத்துக்கு முன்னால் பிறந்தவர்கள், தலை ஸ்கேனில் ரத்தக்கசிவு அல்லது வெள்ளைப் பகுதிப் பாதிப்பு என்று எழுதப்பட்டவர்கள், வலிப்பு வந்தவர்கள் திருத்திய வயது மூன்று மாதத்திலேயே போய்விட வேண்டும். திருத்திய வயதில் நாலு மாதம் தாண்டியும் கை திறக்காதது, கால்கள் கத்தரி போலப் பின்னிக்கொள்வது, ஒரு வயதுக்குள்ளேயே ஒரு கையை மட்டும் பயன்படுத்துவது, ஒன்பது மாதத்தில் உட்காராதது இவற்றில் எது இருந்தாலும் அடுத்த தேதிவரை காத்திருக்காதீர்கள்.

மூளை முடக்குவாதம் என்று உறுதியான பிள்ளைகளுக்கு நான் சொல்லும் கணக்கு போதாது. அங்கே வாரா வாரம் தேர்ந்தவர் பார்க்க வேண்டும், தனியாரோ அரசோ, தொடர்ந்து ஒரே இடத்தில்.

மற்றவர்கள் எங்கே போனாலும் ஒன்றை மட்டும் கேட்டுப் பாருங்கள்: “இன்னைக்கு செஞ்சதை வீட்டில நான் எப்ப, எப்படி செய்யணும்?” இதற்கு மூன்று நிமிடம் செலவழித்துக் காட்டிக்கொடுப்பவர் நல்ல தெரபிஸ்ட். எங்களுக்கு ஒத்துவந்த கலவை இது: கண்காணிப்புக்கு மாதம் ஒரு முறை அரசு மையம், கற்றுக்கொள்ளத் தனியாரிடம் ஆறு சிட்டிங், மிச்சமெல்லாம் வீடு. முதல் இடத்தில் இழந்த முன்பணத்தைச் சேர்க்காமல் பார்த்தால் மொத்தச் செலவு 3,000 ரூபாயும் பஸ் காசும்.

இப்போது அவளுக்குப் பதினாறு மாதம், திருத்திய கணக்கில் பதிமூன்றரை. கட்டிலைப் பிடித்து நின்று பக்கவாட்டில் அடி வைக்கிறாள். வலது கால் முழுதாகத் தரையில் பதிகிறது. இடது குதிகால் இன்னும் ஒரு விரல் அளவு தூக்கித்தான் நிற்கிறது. போன வாரம் மையத்தில் அதைக் கையால் அழுத்திப் பார்த்த தெரபிஸ்ட், எலும்பு மருத்துவர் வரும் வியாழக்கிழமைக்கு டோக்கன் எழுதிக் கொடுத்திருக்கிறார். காலை எட்டு மணிக்குள் போனால்தான் முதல் பத்துக்குள் வரும்.